இயற்கைப் பசளையா, செயற்கைப் பசளையா? முதலில் பையில் உள்ள மூன்று எண்களைப் பாருங்கள்

மே மாதம் விக்டோரியா நாள் நீண்ட வாரவிடுமுறை வந்ததும், ரொறொன்ரோவைச் சுற்றியுள்ள தமிழர் வீடுகளின் பின்வளவுகளில் இரண்டு கட்சிகள் தோன்றிவிடும். ஒன்று பெரியவர்களின் கட்சி. ஒரு வாளித் தண்ணீரில் நீலத் தூளைக் கரைத்துத் தக்காளிக்கும் கத்தரிக்கும் பச்சைமிளகாய்க்கும் ஊற்றுபவர்கள். மற்றது என் வயதுக்காரர்களும் அவர்களுக்கு இளையவர்களும் உள்ள கட்சி. பையில் ஒரு பச்சை இலைப் படமும் 'ஓர்கானிக்' என்ற சொல்லும் இருந்தால்தான் வாங்குவார்கள். விலை கூடினாலும் பரவாயில்லை.

எங்கள் குடும்பத்திலும் ஒவ்வொரு கோடையும் இந்த விவாதம் நடக்கும். மாமா ஒருவரின் வாதம் சுருக்கமானது. "பசளை எண்டாப் பசளைதான் தம்பி. பையில என்ன எழுதியிருக்கெண்டு செடி வாசிச்சே பாக்கப் போகுது?" பல்கலைக்கழகம் போகும் தங்கச்சி விடமாட்டாள். "மாமா, நீங்கள் நஞ்சைத்தான் வளர்த்துச் சாப்பிடுறீங்கள்!" பிறகு தேத்தண்ணி வரும், கதை மாறும், அடுத்த வருடம் அதே இடத்திலிருந்து திரும்பத் தொடங்கும்.

நான் விவசாயி இல்லை. பகல் முழுக்க மற்றவர்களின் கணினி அமைப்புகளில் எது எங்கே அடைபட்டிருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. ஆனால் பொறியியல் படித்ததில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது: 'நல்லதா, கெட்டதா?' என்று யாராவது கேட்டால், 'எவ்வளவு?' என்று திருப்பிக் கேட்பது. இந்த விவாதத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண்ணுக்குக் கொம்போஸ்ட் வேண்டும். செடிக்கு அது போதாதபோது, செயற்கைப் பசளையைக் கொஞ்சமாக, அளந்து கொடுக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எங்கள் பின்வளவுத் தெரிவை ஒரு ஒழுக்கப் பிரச்சினையாக்கி, ஊரில் விவசாயம் செய்பவர்களுக்கு இங்கிருந்து பாடம் எடுப்பதுதான் வெட்கப்பட வேண்டியது.

செடி எதை உறிஞ்சுகிறது?

மாமா சொன்னதில் உண்மை இருக்கிறது. செடிகள் நைட்ரஜனைப் பெரும்பாலும் நைட்ரேட், அமோனியம் என்ற இரண்டு வடிவங்களில்தான் வேர் வழியாக எடுக்கின்றன. அந்த நைட்ரேட் ஆட்டெருவிலிருந்து வந்ததா, தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்று வேருக்குத் தெரியாது. மூலக்கூறு ஒன்றேதான்.

வித்தியாசம் வழியில் இருக்கிறது. எருவிலும் கொம்போஸ்டிலும் உள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளுக்குள் பூட்டிக் கிடக்கும். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் சாப்பிட்டு உடைத்த பிறகுதான் செடிக்குக் கிடைக்கும். அந்த உயிர்களுக்குச் சூடு வேண்டும், ஈரம் வேண்டும், காலம் வேண்டும். மே மாதக் கடைசியில் எங்கள் மண் இன்னும் குளிர்ந்துதான் இருக்கும். அப்போது நுண்ணுயிர்கள் மெதுவாகவே வேலை செய்யும். ஒக்ரோபரில் உறைபனி வந்துவிடும். இடையில் கிடைப்பது ஏறக்குறைய ஐந்து மாதம். வருடம் முழுவதும் வெயில் எறிக்கும் ஊரில் எரு செய்கிற வேலையை அதே வேகத்தில் இங்கும் செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது.

செயற்கைப் பசளை அப்படியில்லை. கரைத்து ஊற்றினால் சில நாட்களிலேயே இலை பச்சை பிடிக்கும். அதன் பலமும் பலவீனமும் அந்த வேகம்தான். செடி எடுக்காமல் விட்டது மழையோடு கீழே போய்விடும்.

இந்த வேகத்துக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு உண்டு. காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன்தான், ஆனால் அதைச் செடிகளால் நேரடியாக எடுக்க முடியாது. 1909இல் ஜெர்மனிய வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹாபர் அந்த நைட்ரஜனை ஐதரசனோடு சேர்த்து அமோனியா ஆக்கிக் காட்டினார். கார்ல் பொஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டு வந்தார். 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவ் என்ற இடத்தில் உற்பத்தி தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் உணவு இந்த வழியில் கிடைக்கும் நைட்ரஜனை நம்பியிருப்பதாக மதிப்பிடுகிறார்கள். இதற்குப் பெருமளவு இயற்கை எரிவாயு செலவாகிறது, காபனீரொட்சைட்டும் வெளியேறுகிறது. அதனால் 'செயற்கைப் பசளை நஞ்சு' என்று ஒரு சொல்லில் முடித்துவிடவும் முடியாது, 'அதில் எந்தக் குறையும் இல்லை' என்று சொல்லவும் முடியாது.

மூன்று எண்கள்

கனடாவில் விற்கும் பசளைப் பைகளில் மூன்று எண்கள் இருக்கும். முதலாவது நைட்ரஜன், இரண்டாவது பொஸ்பரஸ், மூன்றாவது பொட்டாசியம், எல்லாம் எடையின் சதவீதத்தில். (பொஸ்பரஸையும் பொட்டாசியத்தையும் அவற்றின் ஒட்சைட்டுக் கணக்கில் எழுதுவது பழைய வழக்கம். வீட்டுத் தோட்டத்துக்கு அந்த நுணுக்கம் தேவையில்லை.) நீலத் தூள்களில் 20-20-20 பிரபலமானது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த யூரியா 46-0-0. பதப்படுத்திய ஆட்டெரு, மாட்டெருப் பைகளில் மூன்று எண்களும் பொதுவாக அரை சதவீதத்தையொட்டி இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாலடி அகலம், எட்டடி நீளம் உள்ள ஒரு மேட்டுப்பாத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு ஏறக்குறைய 3 சதுர மீற்றர். காய்கறிகளுக்கு ஒரு பருவத்தில் ஒரு சதுர மீற்றருக்குச் சுமார் 10 கிராம் நைட்ரஜன் என்று வைத்தால், அந்தப் பாத்திக்குத் தேவை 30 கிராம்.

20-20-20 என்றால் 150 கிராம் தூள் போதும். ஒரு கோப்பைக்குள் அடங்கிவிடும், அதையும் பருவம் முழுவதும் பிரித்து ஊற்ற வேண்டும். அரை சதவீத எரு என்றால் 30 கிராம் நைட்ரஜன் 6 கிலோவில் இருக்கிறது. ஆனால் முதல் வருடத்தில் அதில் நாலில் ஒரு பங்கு, சிலவேளை அதைவிடக் குறைவாகத்தான் செடிக்குக் கிடைக்கும். ஆகவே எருவை மட்டும் நம்பினால் 24 கிலோவாவது போட வேண்டும். பலர் ஒரு சின்னப் பையைத் தூவிவிட்டு, ஜூலையில் கத்தரி இலை மஞ்சளாவதைப் பார்த்து 'இந்த மண் சரியில்லை' என்று சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

'ஓர்கானிக் என்றால் எவ்வளவும் போடலாம்'

எங்கள் கட்சியின் பெரிய நம்பிக்கை இது. கணக்கை இன்னும் ஒரு படி கொண்டு போனால் உடைந்துவிடும்.

அந்த 24 கிலோ எருவில் பொஸ்பரஸும் அரை சதவீதம் இருக்கிறது, அதாவது பை சொல்லும் கணக்கில் 120 கிராம். காய்கறிச் செடிகள் நைட்ரஜனைப்போலப் பொஸ்பரஸை எடுப்பதில்லை, அதில் ஒரு சிறு பங்கையே எடுக்கும். மிச்சம் மண்ணிலேயே தங்கும். அடுத்த வருடம் இன்னொரு 24 கிலோ. அதற்கடுத்த வருடமும் அப்படியே. வட அமெரிக்காவில் வீட்டுத் தோட்டங்களின் மண்ணைப் பரிசோதிப்பவர்கள் அடிக்கடி காண்பது பொஸ்பரஸ் பற்றாக்குறையை அல்ல, மிதமிஞ்சிய பொஸ்பரஸை. பெரும்பாலும் நல்ல எண்ணத்தோடு வருடாவருடம் எருவும் கொம்போஸ்டும் கொட்டிய தோட்டங்களில்தான். 20-20-20 தூளும் இதில் உத்தமன் இல்லை. அதுவும் நைட்ரஜன் அளவுக்கே பொஸ்பரஸைத் தருகிறது.

அது எங்கே போகும்? ஸ்காபரோவில் பெய்யும் மழை தெருவோர வடிகால்கள் வழியாக ஹைலண்ட் கிறீக், ரூஜ் ஆறு போன்றவற்றில் சேர்ந்து ஒன்ராறியோ ஏரிக்குப் போகிறது. ரொறொன்ரோக்காரர் குடிக்கும் தண்ணீரும் அதே ஏரியிலிருந்துதான் வருகிறது. பொஸ்பரஸ் கூடினால் என்ன நடக்கும் என்பதை ஏரி ஏரி காட்டிவிட்டது. (முதல் 'ஏரி' அதன் பெயர்!) 2014 ஓகஸ்ட் மாதம் அங்கே பெருகிய நச்சுப் பாசியால் அமெரிக்காவின் டொலீடோ நகரில் சுமார் ஐந்து லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் இருந்தார்கள். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. 2016இல் கனடாவும் அமெரிக்காவும் அந்த ஏரிக்குள் போகும் பொஸ்பரஸை 40 சதவீதம் குறைக்க இலக்கு வைத்தன. அங்கே வந்து சேரும் பொஸ்பரஸில் செயற்கைப் பசளையும் உண்டு, பண்ணை விலங்குகளின் எருவும் உண்டு. பாசியும் பையை வாசிப்பதில்லை.

பெரும் வயல்களோடு ஒப்பிட்டால் எங்கள் நாலுக்கு எட்டுப் பாத்தி ஒரு துளிதான். ஆனால் 'இயற்கை' என்ற சொல் அந்தத் துளியைச் சுத்தமாக்கிவிடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதப்படுத்தாத பச்சை எருவில் நோய்க்கிருமிகள் இருக்கலாம். மண்ணில் படும் கீரை, கரட் போன்றவற்றுக்குப் பச்சை எரு போட்டால் அறுவடைக்கு முன் குறைந்தது 120 நாள் இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்க ஓர்கானிக் சான்றிதழின் விதி. ரொறொன்ரோவில் பருவம் முழுவதுமே ஏறக்குறைய 150 நாள். தெரிந்தவர் பண்ணையிலிருந்து எரு கொண்டு வந்தால், இலையுதிர் காலத்தில் போட்டு மண்ணோடு கலந்துவிடுவதுதான் புத்தி.

அப்படியென்றால் நீலத் தூள் மட்டும் போதுமா?

போதாது. தங்கச்சியின் பக்கத்து நியாயம் இங்கேதான் வருகிறது.

மார்க்கம், பிரம்ரன், ஏஜக்ஸ் போன்ற இடங்களில் புதுக் குடியிருப்பு கட்டும்போது மேல்மண்ணை வழித்து எடுத்துவிடுவார்கள். கனரக வாகனங்கள் ஏறி இறங்கிக் களிமண் கல்லாகும். கடைசியில் மேலே மெல்லியதாக மண்ணைப் பரப்பிப் புல்லை உருட்டிவிடுவார்கள். அந்தப் புல்லைத் தூக்கிப் பார்த்தால், மழைக்குச் சேறு, வெயிலுக்குச் செங்கல். அந்த மண்ணில் எவ்வளவு நீலத் தூளைக் கரைத்து ஊற்றினாலும் வேர் உள்ளே போகாது.

கொம்போஸ்டின் உண்மையான வேலை அங்கேதான். களிமண்ணைப் பொலபொலப்பாக்கும், தண்ணீரைப் பிடித்து வைக்கும், மண்புழுவை வரவழைக்கும், பசளை கழுவிக்கொண்டு போவதைக் குறைக்கும். இதில் எதையும் தூளால் செய்ய முடியாது. ஆகவே கொம்போஸ்டைச் செடியின் சாப்பாடாகப் பார்க்காமல், மண்ணைக் கட்டியெழுப்பும் பொருளாகப் பாருங்கள். புதுப் பாத்திக்குத் தாராளமாக, பிறகு வருடத்துக்கு ஒரு விரல் தடிப்பு.

சாடியில் வளர்ப்பது வேறு விடயம். அடுக்குமாடிப் பலகணியில் வைக்கும் மிளகாய்ச் சாடியில் இருப்பது பெரும்பாலும் பீற் கலவை. அதில் மண்ணின் நுண்ணுயிர்க் கூட்டம் குறைவு, ஒவ்வொரு முறை தண்ணீர் ஊற்றும்போதும் சத்துக் கீழே வடியும். அங்கே நீரில் கரையும் பசளையைப் பையில் சொன்ன அளவில் பாதியாகக் கரைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றுவது நல்ல பலன் தரும். குளிர்காலத்தில் வீட்டுக்குள் வரும் கறிவேப்பிலைக்கு மட்டும் பசளையை நிறுத்திவிடுங்கள். வெளிச்சம் இல்லாதபோது அது வளராது, கொடுத்த பசளை சாடியில் உப்பாகத் தேங்கும்.

கிணற்றுத் தண்ணீரும் 2021ஆம் ஆண்டும்

இதுவரை சொன்னது எங்கள் பின்வளவுக் கதை. அங்கே பிழைத்தால் நட்டம் நாலு கத்தரிக்காய்தான், கடைக்குப் போய் வாங்கலாம். ஆனால் இந்த விவாதம் பின்வளவோடு நிற்பதில்லை. ஊரில் விவசாயம் செய்யும் உறவினர்களோடு வீடியோ அழைப்பில் பேசும்போதும் இதே வசனங்கள் வருகின்றன. "நீங்களும் ஓர்கானிக்குக்கு மாறலாமே, பெரியப்பா?"

2021 மே மாதம் இலங்கை அரசு இரசாயனப் பசளை, கிருமிநாசினி இறக்குமதியை ஏறக்குறைய ஒரே இரவில் தடை செய்தது. ஊரில் 'சேதனப் பசளை' என்று சொல்கிறார்களே, அதைக் கொண்டு முழு நாடும் பயிரிட வேண்டும் என்பது உத்தரவு. நாடு முழுவதற்கும் தேவையான சேதனப் பசளை எங்கே இருந்தது? மேலே உள்ள 24 கிலோக் கணக்கை ஒரு ஏக்கருக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 32 தொன் வரும். நெல்லுக்கு வேண்டிய அளவு வேறாக இருக்கலாம், ஆனால் அத்தனை எருவுக்கு மாடு வேண்டும், ஏற்றி வர லொறி வேண்டும், பரப்ப ஆள் வேண்டும். இவை எதுவும் ஆயத்தமாக இல்லை. நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள், ஆனால் 2021/22 பெரும்போக நெல் விளைச்சல் கடுமையாக விழுந்துவிட்டது. பிறகு பசளை வந்தபோது விலை பல மடங்காகியிருந்தது. நாட்டின் டொலர் நெருக்கடியும் உலகச் சந்தை விலையும் அதில் சேர்ந்தன. விதைத்துவிட்டு நின்ற விவசாயிக்கு அது நகையை அடகு வைப்பதா இல்லையா என்ற கேள்வி.

இதைச் சொல்லி இரசாயனப் பசளைக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மறுபக்கமும் நடந்திருக்கிறது. அங்கே பெரிய ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைத் தண்ணீரைத்தான் கிணறு வெட்டி இறைக்கிறார்கள். வலிகாமத்தின் செம்மண் தோட்டங்களில் வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு என்று ஓய்வில்லாமல் பயிரிட்டு, பசளையை அள்ளிப் போட்டார்கள். அது சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியாகக் கிணற்றுக்குப் போனது. குடிதண்ணீரில் நைட்ரேட் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தோட்டப் பகுதிகளில் பல கிணறுகள் அதைத் தாண்டியதைப் பல ஆண்டுகளாக ஆய்வுகள் காட்டி வருகின்றன. கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்தானது. செயற்கைப் பசளை மட்டும் காரணம் இல்லை, கிணற்றுக்குப் பக்கத்தில் உள்ள மலசலகூடக் குழிகளும் சேர்கின்றன.

ஒரே சமூகம் பசளை கூடியதாலும் பாதிக்கப்பட்டது, பசளை இல்லாமற் போனதாலும் பாதிக்கப்பட்டது. இரண்டையும் பார்த்த ஒருவரிடம் போய் 'ஓர்கானிக்தான் தீர்வு' என்று சொல்ல எங்களுக்கு என்ன தகுதி இருக்கிறது? அவர்களிடம் கேட்க நிறைய இருக்கிறது. வேப்பங்குழை, பூவரசங்குழை, பனையோலை எல்லாவற்றையும் தோட்டத்தில் புதைத்து மண்ணை வளப்படுத்தும் பழக்கம் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக உண்டு. குழைதான் மண்ணுக்கு. அதற்கு மேல் பயிருக்குத் தேவையானதைப் பையிலிருந்து கொடுத்தார்கள். பல தோட்டக்காரர் இரண்டையும் சேர்த்துத்தான் செய்தார்கள். எங்கள் கட்சி இணையத்தில் தேடும் பதில் பெரியப்பாவுக்கு எப்போதோ தெரியும். பை மலிவாகக் கிடைத்த காலத்தில் அளவு தவறியது, பிறகு அரசு ஒரே அடியாகப் பையைப் பறித்தது. இரண்டு தவறும் அளவில் நடந்தவை.

இந்தக் கோடையில் செய்யக்கூடியவை

முதலில் மண்ணைப் பரிசோதியுங்கள். ஒன்ராறியோவில் அங்கீகாரம் பெற்ற மண் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. பாத்தியின் நாலைந்து இடங்களில் ஆறு அங்குலம் வரை தோண்டி, கலந்து, ஒரு பையில் அனுப்பினால் பொஸ்பரஸ், பொட்டாசியம், அமிலத்தன்மை எல்லாம் எண்ணாக வரும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும்.

பொஸ்பரஸ் கூடவாக இருந்தால், நடு எண் சிறியதாக உள்ள பசளையைத் தேடுங்கள். இயற்கை வழியில் போக விரும்பினால் உலர்ந்த இரத்தத் தூள் ஏறக்குறைய 12-0-0. சைவ வீட்டில் அது வேண்டாம் என்றால் அல்ஃபல்ஃபா உருண்டைகள் உண்டு.

யூரியாவை வீட்டுத் தோட்டத்தில் தவிர்ப்பது நல்லது. கை கொஞ்சம் கூடினாலும் வேர் கருகும். எந்தத் தூளானாலும் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள், கை அளவு வேண்டாம். பெருமழை வரும் என்று வானிலை சொல்லும் நாளில் ஊற்றாதீர்கள்.

இலையுதிர் காலத்தில் விழும் மேப்பிள் இலையைக் காகிதப் பையில் கட்டித் தெருவில் வைக்காமல் பாத்தியில் பரப்புங்கள். பனையோலைக்குப் பதிலாக எங்களுக்குக் கிடைத்த குழை அதுதான். செலவும் இல்லை. மீன் கழுவின தண்ணியைக் கறிவேப்பிலைக்கு ஊற்றும் அம்மம்மாவைத் தடுக்காதீர்கள், அதிலும் கொஞ்சம் நைட்ரஜன் உண்டு. முட்டைக்கோது மட்டும் தக்காளியின் அடி கறுப்பதை உடனே நிறுத்தும் என்று நம்ப வேண்டாம். கோது உக்குவதற்கு வருடங்கள் ஆகும். அந்தக் கறுப்புக்குப் பெரும்பாலும் காரணம் ஒருநாள் வெள்ளம், மறுநாள் வறட்சி என்று தண்ணீர் ஊற்றுவதுதான்.

அடுத்த முறை ஊருக்கு அழைப்பு எடுக்கும்போது, 'ஏன் இன்னும் இரசாயனம் போடுறீங்கள்?' என்று கேட்பதற்குப் பதிலாக, 'ஒரு பரப்புக்கு எவ்வளவு போடுறீங்கள், பெரியப்பா? கிணத்துத் தண்ணி எப்படி இருக்கு?' என்று கேளுங்கள். அவரும் பதில் சொல்வார், நீங்களும் ஏதாவது கற்றுக்கொள்வீர்கள்.